ரெஸ்யூமே எந்தப் படியில் நிற்கிறது: அறிகுறிவாரியாகப் பழுது நீக்கும் வழிமுறை

வேலை தேடுபவர் ஒருவர் தம் ரெஸ்யூமேயைக் கொடுத்து, ‘இதைக் கொஞ்சம் நன்றாக எழுதித் தாருங்கள்’ என்று கேட்டால், அதைப் படிப்பதற்கு முன்பே அது எங்கெல்லாம் அனுப்பப்பட்டது, ஒவ்வோர் இடத்திலும் அதற்கு என்ன நேர்ந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது என் வழக்கம். ‘வேலை கிடைக்கவில்லை’ என்ற ஒரே புகாருக்குள், கோப்பு திறக்காதது, நிறுவனத்தின் விண்ணப்ப மென்பொருள் தப்பாக வாசித்தது, படித்தவர் தேடியது அவர் கண்ணில் படாதது, தாளில் எழுதிய வரி நேர்காணலில் நிற்காதது என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல பழுதுகள் அடங்கியிருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மொழிநடையைத் திருத்துவது மருந்தாகாது. ஆனால் எல்லோரும் முதலில் கைவைப்பது அதில்தான்.

ஆகவே, கடைசியாக அனுப்பிய பத்துப் பதினைந்து விண்ணப்பங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். அனுப்பிய நாள், பணியின் பெயர், அனுப்பிய பிரதி எது, வந்த பதில் என்ன, அது எவ்வளவு நேரத்தில் வந்தது ஆகிய விவரங்கள் போதும். எந்தப் படியில் அதிகமானவை நின்றிருக்கின்றனவோ அதற்குரிய அறிகுறியைக் கீழே கண்டுபிடித்து, அதிலுள்ள சோதனைகளை மேலிருந்து வரிசையாகச் செய்யுங்கள். செலவில்லாதவை முதலில் வருகின்றன. ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்தால் எது பலன் தந்தது என்பது தெரியாமல் போய்விடும்.

## அறிகுறி 1: எந்தப் பதிலும் இல்லை, ‘விண்ணப்பம் கிடைத்தது’ என்ற தானியங்கி மின்னஞ்சல்கூட வரவில்லை

தொடர்பு விவரம் தவறா? பிடிஎஃப் கோப்பில் உள்ள உங்கள் மின்னஞ்சல் முகவரியின் மீது சொடுக்கிப் பாருங்கள். பழைய ரெஸ்யூமேயைத் திருத்திப் புதியது செய்பவர்கள் கண்ணுக்குத் தெரியும் முகவரியை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். அதன் அடியில் உள்ள இணைப்பு பழைய முகவரியையே சுட்டிக்கொண்டிருக்கும், அதைச் சொடுக்கிப் பதில் எழுதுபவரின் கடிதம் நீங்கள் திறக்காத பெட்டிக்குப் போய்ச் சேரும். படித்து முடித்த பிறகு முடக்கப்பட்டுவிடும் கல்லூரி மின்னஞ்சல் முகவரியும் இதே வகைப் பழுதுதான். தொலைபேசி எண்ணுக்கு முன்னால் நாட்டுக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள், வேண்டாத அஞ்சல்கள் விழும் பெட்டியையும் ஒருமுறை துழாவுங்கள்.

கோப்பு திறக்கிறதா? உங்கள் கணினியில் திறப்பது சோதனையாகாது. வேறொருவருக்கு அனுப்பி, அவருடைய கைபேசியில் திறக்கச் சொல்லுங்கள். ஆப்பிளின் பேஜஸ் வடிவக் கோப்பு விண்டோஸ் கணினியில் நேரடியாகத் திறக்காது. கடவுச்சொல் இட்ட பிடிஎஃப் அந்தச் சொல் தெரியாத யாருக்கும் திறக்காது. இணையச் சேமிப்பகத்தின் இணைப்பை அனுப்பியிருந்தால் அது அனுமதி கேட்டு நிற்கும், அனுமதி கேட்டுக் காத்திருக்க ஆட்சேர்ப்பாளருக்கு நேரம் இருக்காது.

விளம்பரமே பழையதா? பணியிடம் நிரம்பிய பின்னும் வேலைத் தளங்களில் விளம்பரம் தொங்கிக்கொண்டிருப்பது உண்டு. அதே பணி நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லையென்றால் ரெஸ்யூமேயில் கைவைக்க வேண்டாம்.

இந்த அறிகுறிக்குத் தொழில்முறை உதவி தேவைப்படாது.

## அறிகுறி 2: ரெஸ்யூமேயை ஏற்றியதும் விண்ணப்பப் படிவம் தப்பும் தவறுமாக நிரம்புகிறது

நிறுவனத்தின் பெயர் பதவிக்குரிய கட்டத்தில் போய் உட்காருகிறது, இரண்டு வேலைகள் ஒன்றாகக் கலக்கின்றன, தொலைபேசி எண் காணாமல் போகிறது. பலரும் அலுத்துக்கொண்டு கையால் திருத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். திருத்தத்தான் வேண்டும், ஆனால் படிவம் எப்படித் தவறாக நிரம்பியது என்பதை முதலில் ஒரு படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். உங்கள் ரெஸ்யூமேயை ஒரு மென்பொருள் எப்படி வாசிக்கிறது என்பதைக் கட்டணமின்றிக் காட்டும் சோதனை அது.

முதல் சோதனை. பிடிஎஃப் கோப்பைத் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேட் போன்ற வெற்று உரைப் பதிப்பியில் ஒட்டுங்கள். பின்வருவனவற்றுள் எது நடக்கிறது என்று பாருங்கள்.

*எதுவுமே ஒட்டப்படவில்லை.* உங்கள் கோப்பு எழுத்தாக இல்லாமல் படமாக இருக்கிறது. அச்சிட்டு ஸ்கேன் செய்தாலோ, வடிவமைப்புச் செயலியில் படமாகச் சேமித்துப் பின் பிடிஎஃபாக மாற்றினாலோ இப்படி ஆகும். மூலக் கோப்பிலிருந்து நேராகப் பிடிஎஃபாக ஏற்றுமதி செய்யுங்கள்.

*எழுத்து வருகிறது, ஆனால் வரிசை குலைந்திருக்கிறது.* பக்கத்தை இடம், வலம் என்று பிரிக்கும் இரண்டு பத்தி அமைப்பு, அட்டவணை, உரைப்பெட்டி ஆகியவற்றுள் ஒன்று காரணம். சில மென்பொருள்கள் இடமிருந்து வலமாகக் குறுக்கே வாசிப்பதால், இடப்பக்கத்தில் உள்ள ‘திறன்கள்’ வலப்பக்கத்தில் உள்ள வேலை விவரத்தின் நடுவே புகுந்துவிடும். பக்கத்தின் முழு அகலத்துக்கும் ஒரே பத்தியாக மாற்றுங்கள். அழகான இரண்டு பத்தி மாதிரியை இழக்க மனம் வராதவர்கள் அதை நேரில் கொடுப்பதற்கென்று தனியே வைத்துக்கொள்ளலாம்.

*பெயரோ தொலைபேசி எண்ணோ படிவத்தில் மட்டும் விடுபடுகிறது.* அவை பக்கத்தின் மேற்குறிப்புப் பகுதியிலோ அடிக்குறிப்புப் பகுதியிலோ இருக்கும். சில மென்பொருள்கள் அப்பகுதிகளைத் தாண்டிச் சென்றுவிடும். சாதாரண உரையின் முதல் வரிகளுக்கு அவற்றைக் கொண்டுவாருங்கள். தொலைபேசி, மின்னஞ்சல் எனும் சொற்களுக்குப் பதிலாகச் சிறு படங்களை வைத்திருந்தால் அவற்றையும் நீக்கிவிடுங்கள்.

*சில சொற்களில் எழுத்து விழுந்துவிடுகிறது.* ஆங்கிலத்தில் எஃப், ஐ ஆகிய இரண்டும் அடுத்தடுத்து வரும்போது சில எழுத்துருக்கள் அவற்றை ஒரே வடிவமாக இணைத்துவிடுகின்றன. நகலெடுக்கையில் அந்த இணைப்பு உதிர்ந்து போகிறது. எழுத்துருவை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

*தமிழ் ரெஸ்யூமேயில் கொம்பும் காலும் இடம் மாறி வருகின்றன, அல்லது எல்லாமே பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வருகின்றன.* மொழிபெயர்ப்பு, ஆசிரியப் பணி, இதழியல் போன்ற துறைகளில் தமிழிலேயே ரெஸ்யூமே கேட்கப்படுவது உண்டு. எல்லாம் ஆங்கில எழுத்துகளாக வந்தால், பாமினி போன்ற பழைய குறியேற்ற எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். யூனிகோடுக்கு மாற்றாமல் வேறு வழியில்லை. யூனிகோடில் இருந்தும் உயிர்மெய் எழுத்துகள் சிதறினால், தவறு உங்களுடையதன்று, பிடிஎஃப் கோப்பிலிருந்து தமிழைப் பிரித்தெடுக்கும்போது இது பரவலாக நேர்வதுதான். பிடிஎஃபுடன் வேர்ட் கோப்பையும் சேர்த்து அனுப்புவது இப்போதைக்குப் பாதுகாப்பான வழி.

ஒட்டிய உரை சரியாக இருந்தும் படிவம் தவறாக நிரம்பினால் தலைப்புகளையும் தேதிகளையும் பாருங்கள். ‘என் பயணம்’, ‘நான் கடந்து வந்தவை’ என்றெல்லாம் தலைப்பிட்டால் மென்பொருளுக்கு மட்டுமன்றி மனிதருக்கும் தேட வேண்டியதாகிறது. ‘பணி அனுபவம்’, ‘கல்வி’, ‘திறன்கள்’ என்பவை போதும். தேதியை 03/04/2022 என்று எழுதினால் அது ஓரிடத்தில் ஏப்ரல் 3 என்றும் இன்னோரிடத்தில் மார்ச் 4 என்றும் வாசிக்கப்படும். மாதத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள், எல்லா வேலைகளுக்கும் ஒரே முறையில் எழுதுங்கள்.

திறன்களை ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் என்றோ முக்கால் நிரம்பிய பட்டையாகவோ வரைந்திருந்தால் அதையும் இந்தச் சாக்கில் எடுத்துவிடுங்கள். மென்பொருளுக்கு அது தெரியாது. மனிதருக்குத் தெரிந்தாலும், உங்களுக்கு நீங்களே போட்டுக்கொண்ட மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

## அறிகுறி 3: விண்ணப்பித்த சில நிமிடங்களில் அல்லது சில மணி நேரத்தில் நிராகரிப்புக் கடிதம் வருகிறது

ரெஸ்யூமேயை மென்பொருளே தூக்கி எறிந்துவிட்டது என்று பலரும் இங்கே முடிவு கட்டிவிடுகிறார்கள். இத்தனை விரைவான நிராகரிப்புக்கு ரெஸ்யூமேயைவிட, விண்ணப்பப் படிவத்தில் கேட்கப்பட்ட தகுதிக் கேள்விகளுக்கு நீங்கள் அளித்த விடைகளே பெரும்பாலும் காரணம்: அந்த நாட்டில் பணிபுரிய அனுமதி உண்டா, குறிப்பிட்ட உரிமம் இருக்கிறதா, எத்தனை ஆண்டு அனுபவம், எப்போது சேர முடியும், எவ்வளவு ஊதியம் எதிர்பார்க்கிறீர்கள்.

விடைகளை எங்கேயாவது பதிந்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த விண்ணப்பத்திலிருந்து பதியத் தொடங்குங்கள். அனுபவ ஆண்டுகளைக் கேட்கும் கட்டத்தில் எழுத்தில் நிரப்பியது, ஊதியக் கட்டத்தில் மாதத் தொகைக்கும் ஆண்டுத் தொகைக்கும் இடையே குழம்பியது, ‘இல்லை’ என்பது முன்கூட்டியே தேர்வாகியிருந்ததைக் கவனிக்காதது ஆகியவை நான் அடிக்கடி காண்பவை. இவை எதுவும் இல்லாமல், கேட்கப்பட்ட உரிமம் உண்மையிலேயே உங்களிடம் இல்லையென்றால், ரெஸ்யூமேயை எத்தனை முறை மாற்றினாலும் அதே கடிதம்தான் வரும். பணி அனுமதி தொடர்பான சிக்கல் என்றால் குடிவரவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைக் கேளுங்கள். ரெஸ்யூமே எழுதித் தருபவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அன்று அது.

## அறிகுறி 4: விண்ணப்பம் போய்ச் சேருகிறது, பிறகு வாரக்கணக்கில் மௌனம், அல்லது பொதுவான நிராகரிப்பு

அதிகம் பேர் வந்து நிற்கும் இடம் இது. அறிகுறி 2-இல் உள்ள நகலெடுக்கும் சோதனையை முடித்துவிட்டு இங்கே வாருங்கள்.

சொற்கள் பொருந்துகின்றனவா? வேலை விளம்பரத்தை ஒருபுறமும் ரெஸ்யூமேயை மறுபுறமும் வைத்து, விளம்பரத்தில் கட்டாயம் என்று கூறப்பட்ட ஒவ்வொரு தகுதியும் அதே பெயரில் உங்கள் தாளில் இருக்கிறதா என்று கோடிட்டுப் பாருங்கள். ஆட்சேர்ப்பாளர்கள் தங்களிடம் குவிந்துள்ள விண்ணப்பங்களுக்குள் சொல்லைக் கொண்டு தேடுகிறார்கள். உங்கள் பழைய நிறுவனத்துக்குள் மட்டும் வழங்கிய பெயரில் ஒரு வேலையை நீங்கள் எழுதியிருந்தால் அந்தத் தேடலில் நீங்கள் வரமாட்டீர்கள். சுருக்கப் பெயரையும் விரிந்த பெயரையும் ஒருமுறை சேர்த்து எழுதிவிடுங்கள். இதற்குக் குறுக்கு வழியாக, விளம்பரத்தின் சொற்களை வெள்ளை எழுத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிவைக்கும் யோசனை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. மென்பொருள் பிரித்துக் காட்டும் வெற்று உரையில் அது அப்பட்டமாகத் தெரியும். அதைப் பார்ப்பவர் மேற்கொண்டு எதையும் படிக்கமாட்டார்.

முதல் பக்கத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் என்ன இருக்கிறது? தாளை அந்த அளவுக்கு மடித்து, உங்கள் துறையைச் சாராத ஒருவரிடம் கொடுத்து, ‘இவர் என்ன வேலைக்கு விண்ணப்பிக்கிறார், ஏற்கெனவே என்ன வேலை செய்திருக்கிறார்?’ என்று கேளுங்கள். இரண்டுக்கும் விடை வரவில்லையென்றால் பழுது அங்கேதான் இருக்கிறது. ‘சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்காற்ற விரும்புகிறேன்’ என்ற குறிக்கோள் வாக்கியம் அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அதை எழுதாதவரும் இல்லை, அதைப் படித்து யாரையும் வேலைக்கு எடுத்தவரும் இல்லை. அதற்குப் பதிலாக, செய்த பணி, எத்தனை ஆண்டு, எந்த வகை நிறுவனம், எதில் தேர்ச்சி என்பதை இரண்டு வரியில் சொல்லுங்கள். புதிதாகப் படித்து முடித்தவர் என்றால் கல்வியையும் செய்து முடித்த திட்டப்பணிகளையும் மேலே கொண்டுவாருங்கள். பத்தாண்டு அனுபவம் உள்ளவருக்குக் கல்வி கடைசியில் இருந்தால் போதும்.

வேலை வரிகள் கடமைப் பட்டியலாக இருக்கின்றனவா? ஒவ்வொரு வரியையும் எடுத்து, இதே பதவியில் இருந்து ஒன்றும் செய்யாமல் காலம் கழித்த ஒருவரும் இந்த வரியை எழுதிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் அந்த வரி உங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ‘வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் பொறுப்பு’ என்பது அப்படிப்பட்டது. ‘நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 புகார்களைப் பதிந்து, திரும்பத் திரும்ப வந்தவற்றைப் பிரித்துக் கிடங்குப் பிரிவுக்கு அனுப்பியதால், மூன்று வாரமாக இருந்த நிலுவை நான்கு நாளாகக் குறைந்தது’ என்பதை அந்த வேலையைச் செய்தவரால் மட்டுமே எழுத முடியும். எண் கிடைக்காத வேலைகளும் உண்டு. அங்கே அளவைச் சொல்லலாம், அதாவது எத்தனை பேருக்கு, எத்தனை கிளைக்கு, எவ்வளவு அடிக்கடி என்று. இல்லாத எண்ணைக் கற்பித்து எழுதினால் அது அறிகுறி 7 ஆகத் திரும்பி வரும்.

வேண்டாதவை இருக்கின்றனவா? அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய நாடுகளில் பாகுபாட்டுப் புகாருக்கு இடம் தரக்கூடாது என்பதற்காகப் புகைப்படம், பிறந்த தேதி, திருமண நிலை ஆகியவற்றை ரெஸ்யூமேயில் எதிர்பார்ப்பதில்லை. ஜெர்மனியில் கட்டாயமில்லை என்றாலும் புகைப்படம் வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அனுப்பும் நாட்டின் வழக்கத்தைப் பின்பற்றுங்கள். உங்களைப் பற்றி நற்சான்று சொல்வோரின் பெயரும் எண்ணும் கேட்கப்படும்வரை வேண்டாம். பக்கங்களைப் பொறுத்தவரை, தொடக்க நிலையில் ஒன்று, அனுபவம் கூடினால் இரண்டு. கல்வித்துறை, ஆராய்ச்சிப் பணிகளுக்கு மட்டும் வெளியீடுகளுடன் நீண்டு செல்லலாம்.

வரலாறே பொருந்தவில்லையா? மேற்கண்ட எல்லாம் சரியாக இருந்தும், இருபது முப்பது பொருத்தமான விண்ணப்பங்களுக்குப் பிறகும் மௌனம் நீடித்தால், விளம்பரம் கேட்பதற்கும் நீங்கள் இதுவரை செய்திருப்பதற்கும் இடையே உள்ள தூரம் தாளில் தெரிகிறது என்று பொருள். துறை மாறுபவர்களுக்கும் நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்புபவர்களுக்கும் இது நேரும். இடைவெளியை மறைக்க ஆண்டுகளை நீக்கி, திறன்களை மட்டும் அடுக்கும் அமைப்புக்கு மாறச் சொல்வார்கள்; அந்த அமைப்பைக் கண்டதும் எதையோ மறைக்கிறார் என்ற ஐயம்தான் முதலில் எழுகிறது. ‘குடும்பப் பராமரிப்பு, 2020 முதல் 2022 வரை’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவது எவ்வளவோ மேல்.

இந்தக் கட்டத்தில் ஒரு தொழில்முறையாளரை நாடுவதில் பொருள் இருக்கிறது. ஆனால் எழுதித் தருபவரைவிட, அதே துறையில் ஆள் எடுத்த அனுபவம் உள்ளவரின் அரைமணி நேரப் பேச்சே அதிகம் உதவும். கட்டணம் கொடுத்து எழுதச் சொல்வதாக இருந்தால், எழுதுவதற்கு முன் அவர் உங்களிடம் நெடுநேரம் கேள்வி கேட்கிறாரா என்று பாருங்கள். கேள்வி கேட்காமலே மறுநாள் எழுதித் தருபவரையும், வேலை கிடைப்பது உறுதி என்று சொல்பவரையும் தவிர்த்துவிடுங்கள்.

## அறிகுறி 5: உங்கள் கணினியில் நன்றாக இருப்பது மற்றவர் கணினியிலோ அச்சிலோ குலைந்து தெரிகிறது

வேர்ட் கோப்பாக அனுப்பினால், நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு அங்கே இல்லாதபோது வேறொன்று அதன் இடத்தில் வந்து, வரிகள் நீண்டு, கடைசி இரண்டு வரிகள் மட்டும் அடுத்த பக்கத்துக்கு வழிந்துவிடும். அறிகுறி 2-இல் சொன்ன தமிழ் ரெஸ்யூமே தவிர, கேட்டாலொழிய வேர்ட் கோப்பை அனுப்பாமல், எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃபை அனுப்புங்கள். பிடிஎஃபின் பண்புகள் பகுதியில் எழுத்துருக்கள் பட்டியலைத் திறந்தால், அவை பதிந்திருக்கின்றனவா என்பது தெரியும்.

அச்சில் அடிப்பகுதி வெட்டுப்பட்டால் தாள் அளவைப் பாருங்கள். ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர். அமெரிக்காவிலும் கனடாவிலும் புழங்கும் லெட்டர் தாளின் உயரம் ஏறத்தாழ 279 மில்லிமீட்டர். விளிம்பில் போதிய இடம் விடாமல் நெருக்கி எழுதியவர்களின் கடைசி வரி இந்த 18 மில்லிமீட்டரில்தான் காணாமல் போகிறது. நான்கு புறமும் 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடம் விட்டு, எழுத்தின் அளவை 10-க்குக் கீழே கொண்டுபோகாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் அடக்குவதற்காக எழுத்தைச் சிறிதாக்குவதைவிட, பழைய வேலைகளின் வரிகளை வெட்டுவது நல்லது.

வேர்ட் கோப்பையே அனுப்ப நேர்ந்தால், திருத்தத் தடங்களும் ஓரக் கருத்துகளும் முழுமையாக ஏற்கப்பட்டோ நீக்கப்பட்டோ இருக்கின்றனவா என்று பாருங்கள். நண்பர் எழுதிய ‘இது உண்மையா?’ என்ற ஓரக் குறிப்போடு நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்த ரெஸ்யூமேயைப் பார்த்திருக்கிறேன். பிடிஎஃப் கோப்பின் பண்புகள் பகுதியில் உள்ள உள்தலைப்பையும் மறக்காதீர்கள். இணைய உலாவியில் திறக்கும்போது மேலே தெரிவது அதுதான். இலவச மாதிரியைப் பயன்படுத்தியிருந்தால் அங்கே மாதிரியின் பெயரோ வேறொருவரின் பெயரோ இருக்கக்கூடும்.

## அறிகுறி 6: அழைப்புகள் வருகின்றன, ஆனால் வேண்டாத வேலைகளுக்கு

விட்டுவிட்டு வந்த துறைக்கே திரும்பத் திரும்ப அழைக்கிறார்கள் என்றால், அந்தத் துறையின் சொற்கள்தான் உங்கள் தாளில் மிகுந்திருக்கின்றன. வேலைத் தளங்களில் நீங்கள் ஏற்றி மறந்துவிட்ட பழைய பிரதியை முதலில் நீக்குங்கள்; பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் பழைய துறையின் வேலைகளுக்குத் தலா ஒரு வரி மட்டும் விட்டு, திறன்கள் பட்டியலிலிருந்து இனிச் செய்ய விரும்பாதவற்றை எடுத்துவிடுங்கள். தகுதிக்கு மிகக் கீழான பணிக்கு அழைப்பு வந்தால், பதவியின் பெயரை மட்டும் எழுதி, எத்தனை பேரை வழிநடத்தினீர்கள், எந்த முடிவுகளை நீங்களே எடுத்தீர்கள் என்பதை எழுதாமல் விட்டிருப்பீர்கள்.

## அறிகுறி 7: நேர்காணல்வரை போகிறது; ரெஸ்யூமேயைப் பற்றிய கேள்வியிலேயே தடுமாற்றம்

தாளில் உள்ள ஒவ்வொரு வரிக்கும், ‘இதில் உங்கள் பங்கு எது?’, ‘இந்த எண்ணை எப்படிக் கணக்கிட்டீர்கள்?’ என்ற இரண்டு கேள்விகளை ஒருவரைக் கேட்கச் சொல்லி, உரக்கப் பதில் சொல்லிப் பாருங்கள். இரண்டு நிமிடம் தடையின்றிப் பேச முடியாத வரி தாளில் இருக்கக் கூடாது. குழு செய்த வேலையைத் தனியே செய்ததாக எழுதியது, ஒரு வாரப் பயிற்சியில் தொட்டுப் பார்த்த கருவியைத் திறன் என்று பட்டியலிட்டது, பிறரோ செயற்கை நுண்ணறிவுச் செயலியோ எழுதித் தந்த வரியை அப்படியே விட்டது ஆகிய மூன்றும் இங்கே வெளிப்படும். வரியை நீக்கவோ உண்மையான அளவுக்குக் குறைக்கவோ செய்யுங்கள். வரிகள் எல்லாம் உண்மையாக இருந்தும் பேச்சு மட்டும் வரவில்லையென்றால் ரெஸ்யூமேயின் வேலை முடிந்துவிட்டது; பணம் செலவழிப்பதானால் நேர்காணல் பயிற்சிக்குச் செலவழியுங்கள்.

## அறிகுறி 8: வேலை உறுதியான பின், சரிபார்ப்பில் நின்றுவிடுகிறது

பணி அனுபவச் சான்றிதழ், ஊதியச் சீட்டு, பட்டச் சான்றிதழ், அடையாள ஆவணம் ஆகியவற்றை மேசையில் பரப்பி, ரெஸ்யூமேயில் உள்ள பெயர், பதவி, சேர்ந்த மாதம், விலகிய மாதம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். நினைவிலிருந்து எழுதிய மாதங்கள் ஒன்றிரண்டு தள்ளியே இருக்கும். ஓர் ஆவணத்தில் முன்னெழுத்தோடும் இன்னொன்றில் விரிந்தும் பெயர் இருந்தால், ரெஸ்யூமேயில் அடையாள ஆவணத்தில் உள்ளபடியே எழுதி, மற்ற வடிவத்தைச் சரிபார்ப்புப் படிவத்தில் தெரிவியுங்கள். ஒப்பந்த நிறுவனத்தின் ஊதியப் பட்டியலில் இருந்துகொண்டு பெரிய நிறுவனத்தில் பணிபுரிந்தவர்கள் பெரிய நிறுவனத்தின் பெயரை மட்டும் எழுதினால், சரிபார்ப்பவருக்கு அங்கிருந்து ‘இப்படி ஒருவர் எங்களிடம் இல்லை’ என்றுதான் பதில் கிடைக்கும். இரண்டு பெயர்களையும் எழுதுங்கள்.

முரண்பாடு ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டால் புதிய ரெஸ்யூமேயை அனுப்ப வேண்டாம். எது சரி, எதனால் மாறியது, ஆதாரம் எது என்பதை மனிதவளப் பிரிவுக்கு ஒரே கடிதத்தில் எழுதி, ஆவணத்தின் நகலை இணையுங்கள். பழைய நிறுவனம் சான்றிதழ் தர மறுத்தாலோ தவறான தகவலைத் தந்தாலோ தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம் போக வேண்டும். மூடப்பட்டுவிட்ட நிறுவனம் என்றால், நியமனக் கடிதம், வங்கிக் கணக்கில் ஊதியம் வரவான பக்கங்கள், வரி பிடித்தத்துக்கான படிவம் ஆகியவற்றைச் சரிபார்ப்பு நிறுவனம் ஏற்குமா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலைப் பாதுகாத்து வையுங்கள்.